கம்ப்யூட்டர் குடுத்தீங்க, சரி. பாத்துக்க ஆள் யாரு?

யாராவது பழைய கம்ப்யூட்டரை டிரஸ்டுக்குத் தானமாக் குடுக்கப் போறேன்னு சொன்னா, வேன்ல ஏத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிக்கச் சொல்லுங்க. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்.

கோவம் இன்னும் அடங்கல. அதான் இந்தப் பதிவு.

திண்டுக்கல்லச் சுத்தி சின்னச் சின்ன டிரஸ்டுங்க நெறைய இருக்கு. ஆத்தூர், சின்னாளப்பட்டி, செம்பட்டி, வேடசந்தூர், நத்தம்னு எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு போர்டு கண்ணுல படும். சாயங்காலப் பள்ளிக்கூடம் நடத்துறவங்க, மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்குறவங்க, மகளிர் குழுவுக்குக் கணக்கு பாக்குறவங்க, மில்லுக்குப் போற பொண்ணுங்களுக்காக அலையுறவங்க. 1947-ல டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்குனதுல இருந்தே இந்த மண்ணுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவங்கள்ல சில பேரோட கம்ப்யூட்டர் வேலையை லீவு நாள்ல போய்ப் பாத்துக் குடுக்குறது என் வழக்கம். (பதிலுக்கு டீயும் முறுக்கும். சில இடத்துல மதியச் சாப்பாடே கெடைக்கும்.)

அப்படிப் போற ஒரு டிரஸ்டுக்கு ஒரு பெரிய கம்பெனி ஒரு வேன் நெறைய மெஷின் அனுப்பி வெச்சது. பேனர் கட்டியாச்சு, சால்வை போத்தியாச்சு, போட்டோ எடுத்தாச்சு. நான் போய் ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்தா, பாதியில ஹார்ட் டிஸ்க்கே இல்ல. கம்பெனி டேட்டா வெளிய போகக் கூடாதுன்னு கழட்டிட்டாங்க. அது நியாயம்தான். ஆனா டிஸ்க் இல்லாத பெட்டியை வெச்சு அந்த டிரஸ்ட் என்ன பண்ணும்? புது டிஸ்க் வாங்கக் காசு யார் குடுப்பா? அதை யாரும் யோசிக்கல.

மீதி மெஷின்ல விண்டோஸ் 10. அதுக்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திருச்சு. விண்டோஸ் 11 ஏத்தணும்னா டிபிஎம் 2.0 சிப் வேணும், இன்டெல்னா கிட்டத்தட்ட எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ உள்ள ப்ராசஸர் வேணும். இந்த மெஷின் எல்லாம் அதுக்கு முந்தினது. நாடு முழுக்க ஆபீஸ்ல இருந்து பழைய மெஷின் இந்த ஒரு காரணத்துக்காகவே வெளிய வந்துட்டு இருக்கு. முறைப்படி பாத்தா, ஓடாத மெஷினை மின்கழிவு விதிகள் 2022 சொல்ற மாதிரி பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர், இல்லேன்னா மறுசுழற்சியாளர்கிட்டத்தான் கம்பெனி ஒப்படைக்கணும். அதைத் தானம்னு சொல்லி ரெண்டு ரூம் இருக்கற டிரஸ்ட்ல கொண்டாந்து எறக்குனா, அங்க பிள்ளைங்க உக்காந்து படிச்ச ஒரு ரூமும் போயிருது.

சரி, வந்தது வந்துருச்சு. ஓடுற மாதிரி இருந்ததைத் தேத்திப் பாப்போம்னு உக்காந்தேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டேன். இந்த மாதிரி வயசான மெஷினுக்கு அதைவிடப் பெரிய மருந்து கெடையாது. மேல லினக்ஸ் மின்ட் ஏத்துனேன். காசு இல்ல, லைசென்ஸ் தொல்லை இல்ல. தமிழ்99 கீபோர்டு வசதி அதுலயே இருக்கு. லிப்ரே ஆபீஸ்ல அவங்க எக்செல் ஷீட் எல்லாம் தொறந்துச்சு. டிரஸ்ட்ல வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, "தம்பி, பழசைவிட இது நல்லாப் பறக்குதே!"ன்னாங்க. மனசு குளுந்து போச்சு.

அடுத்து கணக்குப் பாக்குற அக்கா வந்தாங்க, கையில டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். (பென்டிரைவ் மாதிரி இருக்குமே, அதான்.) அதைச் சொருகி வருமான வரித் தளத்துல கையெழுத்துப் போடணும். அதுக்கு டோக்கனோட டிரைவர் வேணும், கூடவே எம்பிரிட்ஜ்னு ஒரு சாஃப்ட்வேர் ஓடணும். லினக்ஸ்ல ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் வரல. டிரைவர் வந்தா பிரவுசர் மறுக்குது, பிரவுசர் ஒத்துக்கிட்டா டோக்கன் தெரியல. கடைசியில, கையெழுத்துக்கும் டேலி கணக்கு சாஃப்ட்வேருக்கும் மட்டும் புதுசா ஒரு விண்டோஸ் மெஷின், மத்த எல்லாத்துக்கும் மின்ட்னு பிரிச்சு வெச்சோம். இப்ப வரைக்கும் அது நல்லா ஓடுது. சின்ன ஆபீஸ் வெச்சிருக்கறவங்க கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.

இதை ஏன் இவ்வளவு வெலாவாரியாச் சொல்றேன்னா, ஒரு சின்ன டிரஸ்ட் ஒரு வருஷத்துல எத்தனை ஆன்லைன் வேலை பண்ணணும்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது. அரசு மானியம் கேக்கணும்னா நிதி ஆயோக்கோட தர்ப்பண் தளத்துல பதியணும். கம்பெனிங்க சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் குடுக்கணும்னா, 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டிருக்கணும், அதுக்கும் டிஜிட்டல் கையெழுத்து. 12ஏ, 80ஜி வரிச்சலுகைப் பதிவு வெச்சிருந்த எல்லாருமே அதே 2021-ல வந்த விதிப்படி ஆன்லைன்ல மறுபதிவு பண்ண வேண்டியதாச்சு. நன்கொடை குடுத்தவங்க பேர், பான் நம்பர் எல்லாம் சேத்து 10பிடி படிவம். மே 31 தாண்டினா நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். வெளிநாட்டு நன்கொடை வர்ற எடம்னா எஃப்சி-4 படிவம், டிசம்பர் 31-க்குள்ள.

இவ்வளவையும் பாக்குறது பெரும்பாலும் ஒரே ஒரு அக்கா. பி.காம் படிச்சிருப்பாங்க. காலையில பிள்ளைங்களுக்குச் சத்துமாவுக் கணக்கு, மதியத்துக்கு மேல பேங்க், சாயங்காலம் இந்த வெப்சைட்டு.

ஒரு தடவை நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். படிவம் எல்லாம் நெரப்பியாச்சு. கடைசிப் பொத்தான்.

"தம்பி, ஓடிபி டிரஸ்ட் ஐயா நம்பருக்குப் போகுது."

"கூப்புடுங்கக்கா."

"ஐயா மலைக்குப் போயிருக்காரு. தாண்டிக்குடி தாண்டி உள்ள. டவர் கெடைக்காது."

"எப்ப வருவாரு?"

"கடைசி பஸ்ஸுக்கு வருவாருன்னு நெனைக்கிறேன். அதுக்குள்ள இந்தப் பக்கம் லாக்-அவுட் ஆயிரும்ல?"

ஆயிருச்சு. திரும்ப முதல்ல இருந்து.

இதுக்கு என்ன பண்ணலாம்னு நானும் அக்காவும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். டிரஸ்ட் பேர்லயே ஒரு சிம். அது ஆபீஸ்ல இருக்கற ஒரு சாதா பட்டன் போன்ல, பீரோவுக்குள்ள. தளத்துல மாத்த முடிஞ்ச எடத்துல எல்லாம் அந்த நம்பர். (ஆதார் வழியா வர்ற ஓடிபிக்கு இது உதவாது, அதுக்கு ஐயாதான் வரணும்.) மின்னஞ்சலும் அப்படித்தான். முன்ன வேலை பாத்தவர் தன் சொந்த ஜிமெயில்லயே எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சிருந்தார். அவர் வெளிநாடு போயிட்டார். தங்கமான மனுஷன், போன் பண்ணினா எடுப்பார். ஆனா பாஸ்வேர்டு அவருக்கே ஞாபகம் இல்ல. அந்த ஒரு மின்னஞ்சலைத் திரும்ப எடுக்க நாங்க பட்ட பாடு இருக்கே! கூகுள் ஃபார் நான்ப்ராஃபிட்ஸ் திட்டத்துல, பதிவு பண்ணின அறக்கட்டளை, சங்கம், செக்‌ஷன் 8 கம்பெனி எல்லாம் விண்ணப்பிச்சு, தகுதி சரிபாத்து முடிஞ்சா, நிறுவனப் பேர்லயே மின்னஞ்சல் இலவசமா வெச்சுக்கலாம். டொமைன் பேருக்கு மட்டும் வருஷா வருஷம் ஒரு சின்னத் தொகை. இது நெறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சவங்களுக்கும் அந்த விண்ணப்பத்தைப் பக்கத்துல உக்காந்து நெரப்பிக் குடுக்க ஆள் இல்ல.

அப்பறம் ஃபான்ட். எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குற விஷயம் இதுதான், அதனால இதை மட்டும் நீட்டிப் பேசுறேன், பொறுத்துக்குங்க.

பழைய டிரஸ்ட் எதுக்குப் போனாலும் ஒரு பீரோ முழுக்க சிடியும் பென்டிரைவும் இருக்கும். அதுல 90-கள்ல இருந்து எடுத்த கிராம சர்வே, குழு உறுப்பினர் பட்டியல், பேஜ்மேக்கர்ல செஞ்ச செய்தி மடல். தொறந்து பாத்தா ஒரு எழுத்து தமிழ் இல்ல. ஆங்கில எழுத்தும் கொம்பும் குறியுமா ஏதோ கெடக்கும். டேட்டா கெட்டுப் போச்சுன்னு பல பேர் தூக்கிப் போட்டுட்டாங்க. அய்யோ, அது கெட்டுப் போகலங்க! வானவில், பாமினி, டாம், டாப், டிஸ்கின்னு அப்ப ஆளாளுக்கு ஒரு முறையில தமிழை அடிச்சு வெச்சோம். 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்பறம் டாம், டாப் ரெண்டையும், தமிழ்99 கீபோர்டையும் அரசு ஏத்துக்கிச்சு. 2010-ல தான் யூனிகோடும் டேஸ்16-ம் தரம்னு அரசாணை வந்துச்சு. அதுவரைக்கும் சேந்தது எல்லாம் பழைய ஃபான்ட்ல மாட்டிக்கிட்டு நிக்குது.

என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவோட பொங்குதமிழ் மாதிரி மாத்திகள் இருக்கு, இலவசம். சாதாக் கட்டுரைன்னா ஒட்டுனா மாறிரும். எக்செல் ஷீட்தான் சோதனை. ஒரு வரியில பேர் பழைய தமிழ் ஃபான்ட்ல இருக்கும், பக்கத்துக் கட்டத்துல ரேஷன் கார்டு நம்பர் ஆங்கில எழுத்தோட இருக்கும். மொத்தமாத் தூக்கி மாத்துனா, அந்த ஆங்கில எழுத்தும் சேந்து தமிழா மாறி நாசமாயிரும். அதனால ஒவ்வொரு நெட்டு வரிசையா எடுத்து, ஃபான்ட் பேர் என்னன்னு பாத்து, அதை மட்டும் மாத்தி, திரும்ப அதே எடத்துல ஒட்டணும். 'கொ' மாதிரி எழுத்தைப் பழைய ஃபான்ட்ல கண்ணுக்குத் தெரியற வரிசையில, கொம்பை முன்னாடி வெச்சு அடிச்சிருப்பாங்க. மாத்தும்போது அது சரியா எடம் மாறுதான்னு கண்ணால பாக்கணும். பொறுமை வேணும். இதை எந்த மெஷினும் தானாப் பண்ணித் தராது, அந்த ஊரு பேரும் ஆளு பேரும் தெரிஞ்ச மனுஷந்தான் பண்ணணும்.

ஒரு ஊரோட குழுப் பட்டியலை அப்படி மாத்தி முடிச்சு, ஒரு அம்மா பேரைத் தேடுனோம். டக்குனு வந்து நின்னுச்சு. குழு தொடங்குன வருஷம், மொதல் சேமிப்பு, மொதல் கடன், எல்லாம். பக்கத்துல இருந்த களப்பணியாளர் அக்கா, "இந்தம்மா இப்ப இல்லப்பா. அவங்க மகதான் குழுத் தலைவி"ன்னாங்க. அந்த மகளுக்கு அதை அச்சு எடுத்துக் குடுத்தோம். இதுக்காகத்தான் நான் போறேன்.

இப்ப என் உண்மையான வாதத்துக்கு வர்றேன்.

தொண்டு நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பம் குடுக்குறது புதுசு இல்ல. நம்ம செம்பட்டியையே எடுத்துக்குங்க. 2004 அக்டோபர் 18-ல இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேந்து செயற்கைக்கோள் வழியா இணைக்கற கிராம வள மையங்களைத் தொடங்குனாங்க. அப்பப் பிரதமரா இருந்த மன்மோகன் சிங் தொடங்கி வெச்சார். திருவையாறு, தங்கச்சிமடம், நம்ம செம்பட்டி, இந்த மூணு ஊரும் சென்னையோட இணைஞ்சுது. ஆமா, நாம பஸ் மாறி நிக்கிற அதே செம்பட்டி! அதே சுவாமிநாதன் நிறுவனம் 1998-ல புதுச்சேரி வில்லியனூர் பக்கம் கிராமத் தகவல் மையம் தொடங்குனப்போ போட்ட நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டடத்தைக் கிராமம் குடுக்கணும். நடத்துறது உள்ளூர் ஆளுங்க, அதுல பொம்பளைங்க இருக்கணும். வீராம்பட்டினத்துல அந்த ஆளுங்க அமெரிக்கக் கடற்படையோட தளத்துல இருந்து அலை உயரக் கணிப்பை எறக்கி, ஒலிபெருக்கியில தமிழ்ல சொன்னாங்க. மீன்பிடிக்கப் போறவங்க அதைக் கேட்டுட்டுப் போனாங்க. கம்ப்யூட்டர் எல்லா ஊருலயும் ஒண்ணுதான். என்ன தகவல் வேணும்னு முடிவு பண்ணி, அதை எறக்கி, நம்ம பேச்சுல சொல்ல அங்க ஒரு ஆள் இருந்தாரு.

தேனி கதை இன்னும் தெளிவு. அரவிந்த் கண் மருத்துவமனை தேனியைச் சுத்தின கிராமக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபை வழியா மருத்துவமனையோட இணைச்சுது. கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் ப்ரூவரோட குழு கூட சேந்து செஞ்சது. கிராமத்துல உக்காந்திருக்கற பாட்டி, தேனியில இருக்கற டாக்டர்கிட்ட வீடியோவுல பேசுவாங்க. அந்த ஆராய்ச்சியாளர்கள் 2008-ல ஒரு கட்டுரை எழுதுனாங்க. வயர்லெஸ்ல என்ன சாதிச்சோம்னு பேசிட்டு நிறுத்தல, அந்த இணைப்பை உயிரோட வெச்சிருக்கறது எப்படின்னு எழுதுனாங்க. கரண்ட் சீரா வராம திடீர்னு எகிறி அடாப்டரும் ரூட்டரும் அடி வாங்கினது, உள்ளூர்ப் பணியாளருக்குக் கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கப் பழக்கினது, தூரத்துல இருந்தே பாக்க வழி வெச்சது, இதெல்லாம்தான் அதுல பேச்சு. உலகத்துலயே கெட்டிக்காரக் கூட்டத்துல ஒண்ணு தேனிக்கு வந்து, கரண்டையும் ஆளையும் பாத்துக்கணும்னு கத்துக்கிட்டுப் போச்சு. நம்ம ஆளுங்க இன்னும் பேனரோட வேன் அனுப்புறாங்க!

பிரதான்னு ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வடக்க மகளிர் குழுக் கணக்குக்கு 'கம்ப்யூட்டர் முன்ஷி'ன்னு ஒரு முறை கொண்டாந்தாங்க. உள்ளூர் இளைஞர் ஒருத்தர் கம்ப்யூட்டர் வெச்சுக்கிட்டு பல குழுக்களோட கணக்கைப் பாத்துக் குடுப்பார், குழுக்கள் அவருக்குக் கட்டணம் குடுக்கும். எனக்கு இந்த யோசனை மேல அப்படி ஒரு மரியாதை. யாருக்கு வேலை செய்யறாரோ அவங்களே சம்பளம் குடுக்குறாங்க. சரியாப் பண்ணலேன்னா அன்னிக்கே கேள்வி வரும்.

இங்க தடுக்கறது பணம்தான். நன்கொடை குடுக்குறவங்க மெஷினுக்குக் குடுப்பாங்க, ஆளுக்குக் குடுக்க மாட்டாங்க. வெளிநாட்டு நன்கொடையில நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் போகலாம்னு இருந்ததை 2020 திருத்தத்துல 20 சதவீதமாக் கொறைச்சுட்டாங்க. அதுக்குள்ள வாடகை, கரண்ட், ஆடிட்டர், கணக்கர். கம்ப்யூட்டர் பாத்துக்கறவருக்கு எங்க எடம்? அதனால கெட்டுப் போனா கெட்டுப் போனதுதான்.

கெட்டுப் போறதோட நின்னா பரவாயில்ல. உள்ள இருக்கற தகவல் கசிஞ்சா?

திண்டுக்கல் பேரையே தாங்கின ஒப்பந்தம் ஒண்ணு 2022 ஏப்ரல்ல கையெழுத்தாச்சு. பெண்கள் தலைமையில நடக்கற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலைகள்ல பாலியல் தொல்லையைத் தடுக்கறதுக்காக, ஆடைத் தயாரிப்பு நிறுவனத்தோடயும் வெளிநாட்டு பிராண்டுகளோடயும் போராடி வாங்குன ஒப்பந்தம். அந்தப் பெண்கள் செஞ்சது சாதாரணக் காரியம் இல்ல. நான் சொல்ல வர்றது, இந்த மாவட்டத்துல ஒரு பொண்ணு தன்மேல நடந்ததை வாய் தொறந்து சொல்றதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்னு. அப்படிப்பட்ட புகார் பல டிரஸ்டுங்களுக்கும் வரும். அது எங்க இருக்கும்? ஒருத்தரோட வாட்ஸ்ஆப்ல, பேரோட, மில்லு பேரோட, போட்டோவோட. அந்த போனை வீட்டுல பிள்ளைங்க கேம் ஆடக் குடுப்பாங்க. அவங்க மேல தப்பு சொல்லவே முடியாது, வேற வழி யாரும் காட்டல. 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்தாச்சு, பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க தகவலுக்குப் பெத்தவங்க ஒப்புதல் வேணும்னு இருக்கு. சட்டத்துக்குப் பயந்து செய்யறதைவிட, அந்தப் பொண்ணுக்காகச் செய்யணும். போனுக்கு ஒரு பூட்டு, ஆபீஸ் மெஷின்ல தனித்தனி லாகின், பாஸ்வேர்டு போட்ட ஃபைல், வேலை முடிஞ்சதும் வாட்ஸ்ஆப்ல இருந்து அழிக்கறது. ஒரு மத்தியானத்துல சொல்லிக் குடுத்துரலாம். நான் சொல்லிக் குடுத்த எடத்துல எல்லாம் அக்காமாருங்க உடனே புடிச்சுக்கிட்டாங்க.

இந்த ஊர்ல ஆளுக்கா பஞ்சம்? காந்திகிராமப் பல்கலையில கம்ப்யூட்டர் படிக்கறாங்க, எம்.வி.எம். காலேஜ்ல பொண்ணுங்க படிக்கறாங்க, சுத்தி எத்தனை எஞ்சினியரிங் காலேஜ். என்எஸ்எஸ்ல சேந்தா வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை பண்ணணும். அதுல கொஞ்ச நேரத்தை ஒரு டிரஸ்டோட ஆபீஸ்ல, அந்தக் கணக்கு அக்கா பக்கத்துல உக்கார விடுங்களேன். ஒரு மாணவிக்கு ஒரு டிரஸ்ட், வருஷம் முழுக்க அதே எடம். விழுப்புரத்துல விஜிஎல்யூஜிங்கற லினக்ஸ் குழுப் பசங்க கட்டற்ற மென்பொருளைக் கிராமத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்து எவ்வளவு அழகா நடத்துறாங்க. நம்ம ஊருலயும் முடியும்.

கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெஷின் குடுக்கணும்னா விண்டோஸ் 11 ஓடுறதாக் குடுங்க, டிஸ்க்கோட குடுங்க. கூடவே ரெண்டு வருஷம் பாத்துக்கறதுக்கான காசையும், யூபிஎஸ் பேட்டரி மாத்தற காசையும் ஒதுக்குங்க. அதுக்கு வழி இல்லேன்னா மெஷினே வேண்டாம், மாசத்துல ஒரு சனிக்கிழமை உங்க ஐடி ஆள் ஒருத்தரை அனுப்புங்க. போட்டோ நானே எடுத்துத் தர்றேன்.

வர்ற சனிக்கிழமை சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு டிரஸ்ட்ல வானவில் ஃபான்ட்ல இருக்கற குழுப் பட்டியல் எல்லாத்தையும் மாத்த உக்காருறோம். தமிழ்ல வேகமா வாசிக்கத் தெரிஞ்சா போதும், கம்ப்யூட்டர் பெருசாத் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. ஆத்தூர், சித்தையன்கோட்டைப் பக்கத்து ஊர்ப் பேரு தெரிஞ்சவங்க வந்தா ரொம்ப ஒத்தாசையா இருக்கும். வீட்டுல சும்மா கெடக்கற யூஎஸ்பி கீபோர்டு இருந்தா கொண்டு வாங்க, அங்க ரெண்டுல ஸ்பேஸ் பட்டன் அமுங்க மாட்டேங்குது.